எந்தக் கல்லூரிக்குப் போவாள் அந்தப் பெண்?

திருவதிகையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஐந்தடி பதினொரு அங்குலம் வளர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அது கவலை. இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று பாட்டி புலம்புவார். பள்ளியில் அதுவே யோகம். பி.இ.டி. மிஸ் ஒரு நாள் அப்பாவை அழைத்து, "பாப்பாவ ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அனுப்புங்கண்ணே, பாஸ்கெட்பால்ல நல்லா வருவா" என்பார். அப்பா கேட்கும் முதல் கேள்வி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "வேலை கிடைக்குமா மிஸ்?"

அந்தக் கேள்வியைக் குறைவாக நினைக்க வேண்டாம். திருவதிகையை ஒட்டிய பண்ருட்டியிலிருந்து முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து, சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வாழ்க்கையை அளப்பதற்கு ஒரே கோலைத்தான் வைத்திருக்கின்றன. பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா? பெண் பார்ப்பதிலும் கடன் கொடுப்பதிலும் மனை வாங்குவதிலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஒரு பெண் பந்தைக் கையில் எடுக்கும்போதும் அது வந்து நிற்பதில் வியப்பில்லை.

நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில் இந்தப் பெண்ணைத் தேடிச் சில கல்லூரிகள் வரும். எந்தக் கல்லூரிக்கு அவள் போவாள்? எது அவளை இழுக்கும்? பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவில், இதே வயதுப் பெண்கள் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். 2021ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் அவர்களுடைய விடை மாறத் தொடங்கியது. அது மாறிய விதம், திறமை எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் பெரிய பரிசோதனையாக அமைந்துவிட்டது. அந்தப் பரிசோதனையின் பாதிப் பதில் நம்மிடம் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது.

முதலில் அமெரிக்காவில் நடந்தது. அங்கே கல்லூரி விளையாட்டு நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு போல மரத்தடியில் நடப்பதில்லை. அரங்கம் நிறையக் கூட்டம், நேரடி ஒளிபரப்பு, கோடிக்கணக்கில் வருமானம். இதையெல்லாம் நடத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாக ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாணவர் விளையாடலாம், கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு பெறலாம், பணம் மட்டும் வாங்கக் கூடாது. கல்லூரியிடமிருந்தும் கூடாது, செருப்புக் கம்பெனியிடமிருந்தும் கூடாது, தெருமுனைப் பீட்சா கடையிடமிருந்தும் கூடாது. தன் முகத்தை ஒரு வீடியோ கேமில் பார்த்த எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், என் உருவத்தை விற்றுச் சம்பாதிக்கிறீர்கள், எனக்கு ஏன் ஒன்றுமில்லை என்று 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிஃபோர்னியா மாநிலம் மாணவர்களுக்கு ஆதரவாகச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்தே நாளில் சங்கம் இறங்கி வந்தது. தன் பெயரையும் படத்தையும் சாயலையும் விளம்பரத்துக்குக் கொடுத்து மாணவர் சம்பாதிக்கலாம் என்றானது. என்.ஐ.எல். என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்கே நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் பெரிய திரையில் இரண்டு பெண்கள் தோன்றினார்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய ஹேலி, ஹன்னா கேவிண்டர் என்ற இரட்டைச் சகோதரிகள். பூஸ்ட் மொபைல் என்ற தொலைபேசி நிறுவனம் அவர்களோடு முதல் நாளே ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த நவம்பரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸ், கேட்டரேட் பானத்தோடு ஒப்பந்தம் செய்த முதல் கல்லூரி விளையாட்டாளர் ஆனார். முதல் என்றால் ஆண், பெண் இரு பாலரிலும் முதல். பணம் வந்தால் அது அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஆண்களுக்கே போகும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். பெரும்பகுதி அங்கேதான் போனது. ஆனால் பெண்கள் கூடைப்பந்துக்கும் கணிசமாக வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பொருளியல் அறிஞரைச் சந்திக்க வேண்டும். சைமன் ராட்டன்பர்க் என்பவர் 1956இல், நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே ஆண்டில், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சம்பளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்காலத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டால் அந்தக் கிளப் விடாமல் வேறெங்கும் போக முடியாது. முதலாளிகள் சொன்ன காரணம்: ஆட்டக்காரனுக்குச் சுதந்திரம் கொடுத்தால் பணக்கார அணிகள் எல்லாத் திறமையையும் அள்ளிக்கொண்டு போய்விடும், ஆட்டமே சப்பென்று ஆகிவிடும். ராட்டன்பர்க் இதை மறுத்தார். ஓர் ஆட்டக்காரனால் எங்கே மிக அதிக வருமானம் வருமோ, கடைசியில் அவன் அங்கேதான் போய்ச் சேருவான். விதி கட்டிப்போட்டிருந்தால் ஒரு கிளப் அவனை இன்னொரு கிளப்புக்கு விற்கும்; பணம் கிளப்புக்குப் போகும். கட்டு அவிழ்ந்தால் அவனே போவான். பணம் அவனுக்குப் போகும். போய்ச் சேருமிடம் ஒன்றுதான். பணம் யார் பைக்குள் விழுகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

எளிய வாக்கியம். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் உலகம் வேறு மாதிரித் தெரிகிறது. பணம் கொடுக்கக் கூடாது என்ற விதி இருந்த காலத்தில் பெண்கள் கூடைப்பந்து சமமாகவா இருந்தது? 1995 முதல் 2016 வரையிலான 22 ஆண்டுகளில் கனெக்டிகட் 11 முறை தேசியப் பட்டம் வென்றது. டென்னசி 5 முறை. மற்ற எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து ஆறே ஆறு. கனெக்டிகட் அணி ஒரு கட்டத்தில் தொடர்ந்து 111 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. திறமை அப்போதே ஓரிடத்தில் குவிந்துதான் கிடந்தது. பணம் தடைசெய்யப்பட்டதால் அது காணாமல் போய்விடவில்லை, வேறு உருவம் எடுத்தது: பளபளக்கும் பயிற்சிக் கூடம், தனி விமானம், பேர்பெற்ற பயிற்சியாளர். ஆட்டக்காரிக்குக் கொடுக்க முடியாத காசை அவளைக் கவரும் கட்டடத்தில் போட்டார்கள், அவளைக் கவரும் மனிதருக்குச் சம்பளமாகக் கொடுத்தார்கள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2023இல் கிம் மல்க்கி என்ற பயிற்சியாளரோடு பத்தாண்டுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஏறக்குறைய 300 கோடி ரூபாய். அந்த அணியின் பெண்கள் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு வரை ஒரு டீ-ஷர்ட்டில் கையெழுத்துப் போட்டு விற்றால்கூடக் குற்றம்.

ராட்டன்பர்க் சரியா என்று பார்க்க 2021க்குப் பின் வந்த பட்டங்களைப் பாருங்கள். 2022 தென் கரோலினா, 2023 லூசியானா ஸ்டேட், 2024 மறுபடியும் தென் கரோலினா, 2025 கனெக்டிகட். பெரிய பெயர்களே பெரிய பெயர்களாக இருக்கின்றன. ஆனால் ஒரே அணியின் ஆட்சி தளர்ந்திருக்கிறது. இதை விளம்பரப் பணத்தின் கணக்கில் எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அதே 2021இல் இன்னொரு விதியும் மாறியது. அதுவரை கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அதன் பிறகு உடனே ஆடலாம். கொரோனா காரணமாக எல்லோருக்கும் கூடுதலாக ஓர் ஆண்டு ஆட்ட உரிமையும் கிடைத்திருந்தது. மூன்று மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தபோது, எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல நேர்மையான ஆய்வாளர் யாரும் துணியமாட்டார். ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துக் கல்லூரி மாறுகிறார்கள் என்பது மட்டும் தெளிவு. ஏஞ்சல் ரீஸ் 2022இல் மேரிலாந்திலிருந்து லூசியானா ஸ்டேட்டுக்கு வந்தார். மறு ஆண்டே பட்டம்.

பெண்கள் விஷயத்தில் ராட்டன்பர்க்கின் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வியப்பூட்டிய இடம் அதுதான். ஆண்களில் மிகச் சிறந்தவன் கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவான். அங்கே கோடிகள் காத்திருக்கின்றன. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. விதி வேறு: அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 22 வயது நிறைகிற ஆண்டில்தான் அங்கே தேர்வாக முடியும். ஆகவே அவர்கள் நான்கு ஆண்டும் கல்லூரியிலேயே ஆடுகிறார்கள். அந்த நான்கு ஆண்டில் ஓர் ஊர் முழுக்க அவர்கள் பெயர் பழகிவிடுகிறது. முகம் பழகுகிறது; ஊர் அவர்கள் வளர்வதைப் பார்க்கிறது, தோற்றதற்காக அழுகிறது, அடுத்த ஆண்டு மறுபடி வருகிறது. விளம்பரம் என்பது பழக்கத்தை விலைக்கு வாங்குவது. ஆகவே எந்தக் கட்டுப்பாடு பெண்களை நிறுத்தி வைத்ததோ அதுவே அவர்கள் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தது.

ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தன் சொந்த மாநிலத்திலேயே நான்கு ஆண்டு ஆடினார். 2023 அக்டோபரில் அவர் அணி ஒரு கால்பந்து மைதானத்தில் திறந்தவெளியில் ஆடியபோது 55,646 பேர் வந்தார்கள். 2024 ஏப்ரலில் அவர் ஆடிய தேசிய இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. அம்மாநிலத்தின் ஹை-வீ மளிகைக் கடைகளிலிருந்து நைக்கி வரை நிறுவனங்கள் அவர் பெயருக்குக் காத்திருந்தன. அதே மாதம் டபிள்யூ.என்.பி.ஏ.வில் முதல் ஆளாகத் தேர்வானார். அந்த ஆண்டுக்கான சம்பளம் 76,535 டாலர், ஏறக்குறைய 64 லட்சம் ரூபாய். நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் கல்லூரி மாணவியாக விளம்பரத்தில் அவர் ஈட்டியதற்குப் பக்கத்தில்கூட அது வராது.

இதன் விளைவைக் கவனியுங்கள். தொழில்முறை லீக் பணம் கொடுக்கும், கல்லூரி கொடுக்காது என்ற பழைய வரிசை பெண்களுக்குத் தலைகீழானது. 2025இல் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஒலிவியா மைல்ஸ், டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில், தேர்வுக்கே போகாமல் டி.சி.யு. பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆட முடிவெடுத்தார். காரணம் பணம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் 2020இல் இப்படி ஒரு முடிவில் பணக் கணக்குக்கு இடமே இருந்திருக்காது.

இனி, கல்லூரிகள் பெண்களைப் பிடிக்கும் விதம். பண்ருட்டிப் பலா வியாபாரிகள் மரத்தில் பிஞ்சு நிற்கும்போதே காய்ப்பைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். இத்தனை பழம் தேறும், இவ்வளவு சுளை இருக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் போடும் கணக்கு. மழையும் காற்றும் அந்தக் கணக்கைக் கெடுக்கலாம். 17 வயதுப் பெண்ணைத் தேடிப் போகும் கல்லூரியும் அப்படித்தான் விலை பேசுகிறது. முன்பு கணக்கில் இருந்தவை உயரம், தாவல், பந்தை எறியும் கை. இப்போது இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதும் கணக்கில் ஏறிவிட்டது. பின்தொடர்பவர்களோடு வரும் பெண், ஆட்டத்துக்கு முன்பே விளம்பரதாரர்களைக் கொண்டுவருகிறாள்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. விளம்பர நிறுவனம் பார்ப்பது பந்தை மட்டுமா? எந்த முகம் விற்கும் என்று பார்க்கிறது. கேவிண்டர் சகோதரிகளைப் போன்றவர்களுக்கு முதலில் வந்த பணத்தைப் பார்த்து, ஸ்டான்ஃபோர்ட் அணியின் அப்போதைய மூத்த பயிற்சியாளர் டாரா வான்டெர்வீர் இது பெண்களைப் பின்னுக்கு இழுக்கிறது என்று கவலைப்பட்டார். ஆட்டத்தால் உயர்ந்த கறுப்பினப் பெண்களுக்குக் கிடைக்காத ஒப்பந்தங்கள் தோற்றத்தால் சிலருக்குக் கிடைக்கின்றன என்ற குறை அங்கே தொடர்ந்து பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. முகப்பூச்சு விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு, கறுத்த பெண்ணின் முகம் எந்தக் கடைப் பலகையில் வரும், எதில் வராது என்று நன்றாகத் தெரியும். பெயருக்கு விலை வரும்போது நிறத்துக்கும் விலை வந்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்தே அந்தச் சந்தைக்குள் நுழைய வேண்டும்.

என்.ஐ.எல். விதியை மீறிய முதல் வழக்கும் பெண்கள் கூடைப்பந்திலேயே வந்தது. 2022இல் கேவிண்டர் சகோதரிகள் ஃப்ரெஸ்னோவை விட்டு மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். போவதற்கு முன், மயாமியின் பெரும் ஆதரவாளரான ஜான் ருயிஸ் என்ற தொழிலதிபர் அவர்களைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அந்தச் சந்திப்பு நடப்பதற்குப் பயிற்சியாளர் கேட்டி மையர் உதவினார் என்பது குற்றச்சாட்டு. பெயருக்கு ஒப்பந்தம் போடலாம். எங்கள் கல்லூரிக்கு வந்தால்தான் ஒப்பந்தம் என்று இழுக்கக் கூடாது என்பது விதி. 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: மயாமிக்கு ஓராண்டு நன்னடத்தைக் காலமும் அபராதமும், பயிற்சியாளருக்கு ஏற்கெனவே மூன்று ஆட்டங்கள் தடை. மாணவியர் மீது நடவடிக்கை இல்லை. அடுத்த மாதமே அந்த அணி தன் வரலாற்றில் முதல் தடவையாகத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. ஒரு விருந்துக்கும் ஒரு கூப்பிடலுக்கும் நடுவே கோடு எங்கே கிழிப்பது என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கல்லூரியைச் சுற்றியும் ஆதரவாளர்கள் கூடி நிதி திரட்டும் குழுக்கள் முளைத்தன. விளம்பரம் என்ற பெயரில் சம்பளம்தான் கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த உண்மையானது.

2025 ஜூன் 6இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். இனிக் கல்லூரிகளே தங்கள் வருமானத்திலிருந்து முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை, அதாவது 175 கோடி ரூபாய் வரை, விளையாட்டாளர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெண்களுக்கு எவ்வளவு? பல பெரிய கல்லூரிகள் பேசிய கணக்கில் முக்கால் பங்கு கால்பந்துக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கு. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெளியே விளம்பரச் சந்தையில் பெண்கள் தங்கள் ஆட்டத்தால் ஏறிய இடத்தைக் கல்லூரியின் உள்கணக்கு இறக்கிவிடப் பார்க்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 1.89 கோடிப் பேர் பார்த்த ஆட்டத்துக்கு 5 சதவீதம் என்பது சந்தையின் கணக்கே அல்ல, பழக்கத்தின் கணக்கு.

இப்போது திருவதிகைப் பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்கு விளம்பரம் வராது. இந்திய விளையாட்டு விளம்பரப் பணத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் கிரிக்கெட்டுக்கே போகிறது. கிரிக்கெட் ஆடும் பெண்ணுக்கு இப்போது விலை தெரிகிறது: 2023 பிப்ரவரியில் ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.40 கோடி, 2024 டிசம்பரில் மதுரையைச் சேர்ந்த 16 வயது கமலினிக்கு 1.60 கோடி என்று ஏலத்தில் சொன்னார்கள். கூடைப்பந்தில் ஒரு பெண் நம்பிக் குடும்பம் நடத்தும் அளவுக்கு வேரூன்றிய லீக் இந்தியாவில் இல்லை. அப்படியானால் அவளை இழுக்கும் விசை எது?

சர்ட்டிஃபிகேட். ரயில்வே, வருமான வரி, அஞ்சல் துறை போன்ற இடங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு எந்தப் போட்டியில் எந்த இடம் என்று எழுத்தில் விதி இருக்கிறது. ரயில்வேயில் வயது 18 முதல் 25 வரை. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த அணியில் இருந்தால் ஒரு கதவு திறக்கும். ஆகவே புத்தியுள்ள பெண் கல்லூரியைப் பார்ப்பதில்லை. அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழக அணிக்குள் போகிறது, அந்த அணி மூன்றுக்குள் வருமா என்று பார்க்கிறாள். கடலூர் மாவட்டக் கல்லூரியில் சேர்ந்தால் அவள் அண்ணாமலைப் பல்கலைக்கழக அணி. சென்னையில் இணைப்புக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக நடக்கும் தேர்வில் பல கல்லூரிப் பெண்களோடு மோத வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அந்த வளாகமே ஓர் அணி. அங்கே ஃப்ரீ சீட், ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் கொடுத்து மாநிலம் முழுக்க உயரமான பெண்களைத் தேடிச் சேர்க்க முடியும். திறமை சில வளாகங்களில் குவிவதற்கு இதுதான் இயக்கம். விளம்பர நிறுவனம் ஒன்றுகூட இல்லாமலே ராட்டன்பர்க் சொன்னது இங்கே நடக்கிறது.

வேலை கொடுப்பவர் யாரோ அவரிடம் அணி சேரும் என்பதைத் தேசியப் போட்டி இன்னும் தெளிவாகக் காட்டும். இந்திய ரயில்வே அங்கே தனி அணியாக ஆடுகிறது. கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ சத்தீஸ்கரிலோ வளர்ந்த பெண், ரயில்வே வேலை கிடைத்ததும் தன் மாநில அணியை விட்டு அந்த அணிக்குப் போகிறாள். பெண்கள் கூடைப்பந்தில் பல பத்தாண்டுகளாக ரயில்வே ஓங்கி நிற்பதற்குக் காரணம் பயிற்சி மட்டுமல்ல, நியமன ஆணை. கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் அப்படித்தான் சென்னைக்கு, தென்னக ரயில்வேக்கு, வந்தார். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் ட்ரையல்ஸுக்கும் போய்வந்தார். சென்னையின் அனிதா பால்துரையும் தென்னக ரயில்வேதான். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. இவ்வளவு நீண்ட ஆட்டக் காலத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததில் மாதம் தவறாமல் வந்த சம்பளத்துக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

நெய்வேலிக்காரர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. பிலாய். அதுவும் நேரு காலத்துப் பொதுத்துறை நகரம். நமக்கு நிலக்கரி, அவர்களுக்கு எஃகு. அந்த உருக்காலை நகரியத்தின் மைதானத்தில் ராஜேஷ் பட்டேல் என்ற பயிற்சியாளர் ஊர் ஊராக உயரமான பெண்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வளர்த்தார். கான்பூரிலிருந்து ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள பூனம் சதுர்வேதி அங்கே வந்தார். பிலாய் இருக்கும் சத்தீஸ்கர் மாநிலம் இந்திய அணிக்கு வரிசையாகப் பெண்களை அனுப்பியது. அவர்களில் பலரை ரயில்வே எடுத்துக்கொண்டது. விளம்பரமும் இல்லை, பெரிய பல்கலைக்கழகமும் இல்லை. ஒரு நகரியம், வெளிச்சமுள்ள ஒரு கோர்ட், விடாப்பிடியான ஒரு மனிதர், கோட்டின் முடிவில் தெரியும் ஒரு வேலை. நெய்வேலியில் அகலமான மைதானங்களும் பள்ளிகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

அமெரிக்காவுக்கே போய்விட்டால் என்ன என்று கேட்கலாம். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆடினார். ஹர்சிம்ரன் கௌர் என்.பி.ஏ. அகாடமி வழியே சான் டியாகோ பல்கலைக்கழகம் போனார். ஸ்காலர்ஷிப் உண்மையிலேயே பெரிய கொடை. ஆனால் பெயருக்குப் பணம் என்ற கதவு நம் பெண்களுக்கு அங்கேயும் ஏறக்குறைய மூடியே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் எஃப்-1 விசாவில் இருப்பார்; அந்த விசாவில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. ஒரே அணியில் பக்கத்தில் நின்று ஆடும் அமெரிக்கப் பெண் ஷூ விளம்பரத்தில் நடிப்பாள். நம் பெண் தயங்கி நிற்பாள்.

இரு முறைகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பெண்ணுக்கு 18 வயதில் பணம் வருகிறது. அது கான்ட்ராக்ட், பெயர் மங்கினால் தீர்ந்தது. நம் பெண்ணுக்கு 22 வயதில் வேலை வரலாம். வந்தால் பர்மனன்ட், வராவிட்டால் கையில் சர்ட்டிஃபிகேட் கட்டு மட்டும். இடையில் உள்ள நான்கு ஆண்டுகளை அவள் குடும்பம்தான் தாங்க வேண்டும். தாங்க முடியாத வீடுகள் பெண்ணை நிறுத்திவிடுகின்றன. கேலோ இந்தியா திட்டம் தேர்வானவர்களுக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் செலவிட்டு, அதில் மாதம் 10,000 ரூபாயைக் கைச்செலவுக்குத் தருவது இந்த இடைவெளியைச் சரியாகத் தொடுகிறது. ஆனால் அது சிலருக்கே.

கல்லூரிகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மே மாதம் அட்மிஷன் காலத்தில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பலகைகளைப் பாருங்கள். கோப்பையை உயர்த்திப் பிடித்த பெண்களின் படத்தைப் போட்டு மாணவர்களை அழைக்கும் கல்லூரிகள் உண்டு. அந்தப் படம் விளம்பரம். அதைப் பார்த்துக் கட்டணம் கட்டிச் சேருபவர்கள் இருப்பார்கள். படத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைத்திருப்பது ஃப்ரீ சீட். அவள் முகம் எத்தனை ஆண்டு, எத்தனை ஊரில் நிற்கும் என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓபானன் 2009இல் நீதிமன்றத்தில் கேட்டது இதைத்தான். மாதம் ஒரு சிறு உதவித்தொகை, படத்தைப் பயன்படுத்த எழுத்தில் ஒரு சம்மதம். இரண்டையும் நாளைக்கே தொடங்கலாம், எந்த உச்ச நீதிமன்றமும் தேவையில்லை.

முழங்காலைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். தாவி இறங்கித் திரும்பும் ஆட்டத்தில் ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கூடைப்பந்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அறுந்தால் அறுவைச் சிகிச்சை, பிறகு ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டு வரை மைதானத்துக்கு வெளியே. பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இது நேர்ந்தது. ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை. பெயரும் விளம்பரமும் நிலைத்தன. திரும்பி வந்து 2025இல் பட்டம் வென்று டபிள்யூ.என்.பி.ஏ.வில் முதல் ஆளாகத் தேர்வானார். ஒலிவியா மைல்ஸும் அதே காயத்தில் ஓராண்டு இழந்து திரும்பியவர்தான். நம் ஊரில் முதலாம் ஆண்டிலேயே முழங்கால் போன பெண்ணின் ஃப்ரீ சீட் இரண்டாம் ஆண்டும் தொடருமா? ஹாஸ்டல் அறை இருக்குமா? அறுவைச் சிகிச்சைக்கு யார் கட்டுவார்கள்? சேரும் நாளில் கல்லூரியும் சொல்வதில்லை, சந்தோஷத்தில் அப்பாவும் கேட்பதில்லை. "வேலை கிடைக்குமா மிஸ்" என்று கேட்ட அதே தெளிவோடு, கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் கேட்டு, பதிலைத் தாளில் வாங்கிக்கொண்டு சேர்க்க வேண்டும்.